காருக்கு நைட்ரஸ் பூட்டலாமா?



தோட்டத்து இளைஞர்கள் கூடியிருக்கும் இடத்தில் சற்று நின்று கேட்டால், முன்பெல்லாம் பந்தாட்டப் பேச்சுத்தான் காதில் விழும். இப்பொழுது கார்ப் பேச்சும் அதற்குச் சமமாக விழுகிறது. அந்தப் பேச்சில் ‘நோஸ்’ என்றொரு சொல் அடிக்கடி வருகிறது. “நோஸ் போட்டால் மைவி பறக்கும்” என்கிறான் ஒருவன். “இயந்திரம் வெடித்துவிடும்” என்கிறான் இன்னொருவன். இரண்டு பேரும் சினிமாவில் பார்த்ததைச் சொல்கிறார்கள். வீட்டில் இருக்கும் தாய் தந்தையருக்கோ அது என்னவென்றே தெரியாது. மகன் கேட்டால் “வேண்டாம்” என்று சொல்லிவிடுவார்கள். ஆனால், காரணம் சொல்லாத ‘வேண்டாம்’ இருபது வயது இளைஞனிடம் நெடுநாள் நிற்காது. ஆகவே, இந்த வாயு எத்தகையது, இயந்திரத்துக்குள் போய் என்ன செய்கிறது, அன்றாடம் சாலையில் ஓடும் காருக்கு அது தகுமா என்பதை இன்று பார்ப்போம்.

இதன் முழுப்பெயர் நைட்ரஸ் ஆக்சைடு. இரண்டு பங்கு நைட்ரஜன் அணுவும் ஒரு பங்கு ஆக்சிஜன் அணுவும் சேர்ந்தது. 1772-ஆம் ஆண்டில் ஜோசப் பிரீஸ்ட்லி என்ற ஆங்கிலேய அறிஞர் இதைக் கண்டுபிடித்தார். பின்னர் ஹம்ஃப்ரி டேவி இதைத் தாமே முகர்ந்து பார்த்து, சிரிப்பும் மயக்கமும் வருவதை எழுதி வைத்தார். ‘சிரிப்பு வாயு’ என்ற பெயர் அப்படித்தான் நிலைத்தது. 1844-இல் அமெரிக்கப் பல் மருத்துவர் ஹோரஸ் வெல்ஸ், பல் பிடுங்கும்போது வலி தெரியாமலிருக்க இதைப் பயன்படுத்தினார். இன்றும் மருத்துவமனைகளில், குறிப்பாகப் பிரசவ வலியைத் தணிக்க, ஆக்சிஜனோடு கலந்து கொடுக்கிறார்கள். நம் தாய்மார்களில் சிலர் இதை அங்கே முகர்ந்திருக்கவும் கூடும்.

மருத்துவமனையிலிருந்த வாயு இயந்திரத்துக்கு வந்த கதை இரண்டாம் உலகப் போரில் நடந்தது. கேமரன் மலைக்கு ஏறியவர்களுக்குத் தெரியும், மேலே போகப் போகக் காற்று மெலிந்துவிடும். மிக உயரத்தில் பறந்த போர் விமானங்களின் இயந்திரம் காற்றுப் போதாமல் திணறியது. ஜெர்மானியர் தம் விமானங்களில் நைட்ரஸ் ஆக்சைடைத் தோம்பில் ஏற்றிச் சென்று, வேண்டும்போது இயந்திரத்துக்குள் செலுத்தினார்கள். ஆங்கிலேயரும் 1944-இல் தம் ‘மொஸ்கிட்டோ’ விமானங்கள் சிலவற்றில் அதைச் செய்தார்கள். போருக்குப் பின் அமெரிக்கப் பந்தயக்காரர்கள் கையில் அது வந்து சேர்ந்தது. 1978-இல் கலிபோர்னியாவில் தொடங்கிய ஒரு நிறுவனத்தின் பெயர்ச் சுருக்கமே இந்த ‘நோஸ்’. 2001-இல் வெளிவந்த ‘தி ஃபாஸ்ட் அண்ட் தி ஃபியூரியஸ்’ என்ற படம் அந்தப் பெயரை உலகெங்கும் பரப்பிவிட்டது.

இனி, இது எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். விறகடுப்பை நினைத்துக்கொள்ளுங்கள். விறகை எவ்வளவு திணித்தாலும் காற்றில்லாவிட்டால் புகைதான் வரும். ஊதாங்குழலை எடுத்து ஊதினால் அதே விறகு கொழுந்துவிட்டு எரிகிறது. கார் இயந்திரமும் அப்படித்தான். கூடுதல் பெட்ரோலை உள்ளே அனுப்புவது எளிது. ஆனால், அதை எரிப்பதற்கான காற்றைக் கூடுதலாக உள்ளே கொண்டுவருவதுதான் கடினம். ஒரு கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய ஏறக்குறைய 15 கிலோ காற்று வேண்டும். 1.3 லிட்டர் இயந்திரம் நிமிடத்துக்கு 6,000 சுற்றுச் சுற்றினால், அதிகம் போனால் 3,900 லிட்டர் காற்றைத்தான் உறிஞ்ச முடியும். அதற்கு மேல் அதற்கு மூச்சு இல்லை.

அந்த மூச்சைக் கூட்டித் தருவதுதான் நைட்ரஸ். எடைக் கணக்கில் பார்த்தால், காற்றில் நூற்றுக்கு 23 பங்கு ஆக்சிஜன். நைட்ரஸ் ஆக்சைடில் 36 பங்கு. இயந்திரத்தின் உள்வெப்பம் 300 டிகிரியை நெருங்கியதும் இந்த வாயு பிரிந்து ஆக்சிஜனை விடுவிக்கிறது. இன்னொரு நன்மையும் உண்டு. தோம்பில் இது திரவமாக இருக்கிறது. வெளியே பீறிட்டு ஆவியாகும்போது சுழியத்துக்குக் கீழே 88 டிகிரி வரை குளிர்ந்துவிடும். அந்தக் குளிர்ச்சி உள்ளே வரும் காற்றையும் குளிர வைக்கிறது. குளிர்ந்த காற்று அடர்த்தியானது. அதே இடத்தில் கூடுதலாக அடங்கும்.

இங்கே ஒரு தப்பெண்ணத்தை அகற்ற வேண்டும். நைட்ரஸ் ஆக்சைடு எரிபொருள் அன்று. அது தானாக எரிவதில்லை. எரிவது பெட்ரோல்தான். நைட்ரஸ் ஊதாங்குழலின் வேலையைச் செய்கிறது, அவ்வளவே. “அப்படியானால் சுத்தமான ஆக்சிஜனையே ஊற்றலாமே” என்று வகுப்பில் ஒரு மாணவன் கேட்டான். நல்ல கேள்வி. சுத்த ஆக்சிஜனில் எரிதல் கட்டுக்கு அடங்காது. இயந்திரம் நொடியில் உருகிப்போகும். நைட்ரஸில் கூடவே வரும் நைட்ரஜன் எரிவதில் கலந்துகொள்ளாமல், அந்த வேகத்தை ஓரளவு தணித்து வைக்கிறது.

ஆக, ஆக்சிஜன் கூடினால் பெட்ரோலும் அதே கணக்கில் கூட வேண்டும். பிரச்சினையெல்லாம் இந்த இடத்தில்தான் இருக்கிறது. ரப்பர் பாலில் அமிலம் விட்டு உறைய வைத்த பெரியவர்களுக்கு அளவின் அருமை தெரியும். குறைந்தால் பால் உறையாது. கூடினால் ஷீட் கெட்டுவிடும். அங்கே கெடுவது ஒரு தட்டுப் பால். இங்கே பெட்ரோல் குறைந்தால் கெடுவது முழு இயந்திரம்.

பெட்ரோலைக் கூட்டித் தருவதில் இரண்டு முறைகள் உண்டு. நைட்ரஸையும் கூடுதல் பெட்ரோலையும் ஒரே முனை வழியாகச் சேர்த்துப் பீய்ச்சுவது ஈர முறை. நைட்ரஸை மட்டும் பீய்ச்சிவிட்டு, காரிலுள்ள கணினிப் பெட்டியும் இஞ்செக்டர்களும் பெட்ரோலைக் கூட்டித் தரும்படி செய்வது உலர் முறை. எந்த முறையானாலும், பெட்ரோல் பம்ப் பழுதுபட்டிருந்தாலோ, வடிகட்டி அடைத்திருந்தாலோ, இஞ்செக்டர் சிறியதாக இருந்தாலோ, ஆக்சிஜன் மிகுந்து பெட்ரோல் குறைந்துவிடும். சிலிண்டருக்குள் எரியும் நெருப்பின் வெப்பம் 2,000 டிகிரிக்கு மேல். பிஸ்டன் செய்யப்பட்ட அலுமினியமோ 660 டிகிரியில் உருகும் உலோகம். சாதாரண நாளில் எண்ணெயும் குளிர்நீரும் அந்தச் சூட்டை விடாமல் வெளியே கொண்டுபோவதால்தான் பிஸ்டன் பிழைத்திருக்கிறது. கலவை தவறினால் அந்தக் காவல் போதாது. பெட்ரோல் சீராக எரிவதற்குப் பதில் வெடித்து எரியும். சுத்தியலால் தட்டுவது போன்ற ஒலி கேட்கும். அந்த ஒலி காதில் விழும்போது பெரும்பாலும் காரியம் கைமீறியிருக்கும்.

பட்டறை வைத்திருக்கும் என் பழைய மாணவர் ஒருவர் அப்படிப்பட்ட பிஸ்டன் ஒன்றை எனக்குக் காட்டினார். மெழுகுவத்தியின் ஓரம் வழிந்தது போல் அதன் ஒரு பக்கம் வழிந்திருந்தது. “எத்தனை நாள் ஓடியது?” என்று கேட்டேன். “மூன்றாம் முறை பொத்தானை அழுத்தியபோது போய்விட்டது, சார்” என்றார்.

ஆகவேதான், முறையாகப் பூட்டுகிறவர்கள் நைட்ரஸோடு வேறு பலவற்றையும் பூட்டுகிறார்கள். ஆக்சிலேட்டரை முழுவதும் மிதித்தாலன்றி வாயு திறக்காத ஒரு சுவிட்சு. இயந்திரம் ஏறக்குறைய 3,000 சுற்றைத் தாண்டினாலன்றித் திறக்காத, உச்சச் சுற்றை எட்டும் முன்பே மூடிவிடும் இன்னொரு சுவிட்சு. பெட்ரோல் அழுத்தம் குறைந்தால் வாயுவை நிறுத்தும் காவல் சுவிட்சு. சூட்டை விரைவாகக் கடத்தும் குளிர்ந்த வகைப் பிளக்குகள். தீப்பொறி சற்றுப் பிந்தி விழும்படி கணினிப் பெட்டியில் மாற்றம். இவற்றில் ஒன்றைக்கூட ‘பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்று விட முடியாது. குறைந்த சுற்றில் வாயுவைத் திறந்தால், ஈர முறையில் பெட்ரோல் காற்றுக்குழாயிலேயே தேங்கி, அங்கேயே தீப்பற்றி வெடிக்கும். இன்றைய பல கார்களில் அந்தக் குழாய் பிளாஸ்டிக்கால் ஆனது. சொல்லப்போனால், மலிவு விலையில் பூட்டித் தருகிறேன் என்பவர் மிச்சம் பிடிப்பது இந்தக் காவல் சாமான்களில்தான்.

சரி, எவ்வளவு இலாபம்? பெரோடுவா மைவி 2005-இல் வந்தது. அதன் 1.3 லிட்டர் இயந்திரம் ஏறக்குறைய 86 குதிரைத்திறன் கொண்டது. அதற்கு 40 குதிரைத்திறன் தரும் சிறிய அளவு நைட்ரஸ் பூட்டினால், ஏறக்குறைய பாதி பலம் கூடிவிடுகிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால், பரவலாக விற்கும் 10 பவுண்டுத் தோம்பில், அதாவது நாலரைக் கிலோ வாயுவில், அந்தப் பலம் மொத்தம் ஐந்து நிமிடங்கூட வராது. தோம்பு காலியாகக் காலியாக அழுத்தமும் இறங்கும், கலவையும் மாறும். பிறகு மறுபடி நிரப்ப வேண்டும். அதை நிரப்பித் தரும் கடைகள் நம் தோட்டப்புறங்களில் இல்லை.

சென்ற ஆண்டு ஒரு தாயார் பள்ளிக்கு என்னைத் தேடி வந்தார். செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்பவர். “சார், காடியில ஏதோ கேஸ் தோம்பு வைக்கப் போறேன்னு சொல்றான். நீங்கதான் சொல்லணும். உங்க பேச்சைக் கேப்பான்” என்றார். மகன் ஷா ஆலாமில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறான். பழைய மைவி ஒன்றைக் கடனில் வாங்கியிருக்கிறான். கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டவர் யார் என்று கேட்டேன். “நான்தான் சார்” என்றார்.

வாடகைக் கொள்முதலில் வாங்கிய கார், கடைசித் தவணை கட்டும் வரை வங்கியின் சொத்து. நம் நாட்டில் ஒன்பது ஆண்டு வரை தவணை நீள்கிறது. நடுவில் இயந்திரம் உருகினால், நிற்கும் காருக்கும் மாதாமாதம் பணம் கட்டித்தான் ஆகவேண்டும். மகன் கட்டத் தவறினால் வங்கி ஜாமீன்காரரைத் தேடி வரும். 2025-இல் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி ஆனது. அந்தச் சம்பளத்தில் இருப்பவருக்கு ஓர் இயந்திரத்தின் விலை என்னவென்று நான் கணக்குப் போட்டுக் காட்ட வேண்டியதில்லை. அந்த வாரக் கடைசியில் மகன் வந்தபோது, அவனிடமும் இதையே சொன்னேன். “நீ பந்தயம் வைப்பது உன் காரை மட்டும் அன்று, தம்பி, உன் அம்மாவின் கையெழுத்தையும் சேர்த்து வைக்கிறாய்” என்றேன். அவன் பதில் பேசாமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு தோம்பைப் பற்றிக் கேட்டான், அதையும் விளக்கினேன்.

அந்த விளக்கம் நேயர்களுக்கும் பயன்படும். நம் சமையல் எரிவாயுத் தோம்பின் அழுத்தத்தைக் காட்டிலும் நைட்ரஸ் தோம்பின் அழுத்தம் பல மடங்கு அதிகம். 20 டிகிரி வெப்பத்திலேயே வளிமண்டல அழுத்தத்தைப்போல் 50 மடங்கு இருக்கும். 36 டிகிரியில் 72 மடங்காகும். அதற்கு மேல் அது திரவமாக நிற்க முடியாது. வெப்பம் ஏற ஏற அழுத்தமும் விரைவாக ஏறும். நண்பகல் வெயிலில் கண்ணாடியை ஏற்றி நிறுத்திய காருக்குள் 50 டிகிரிக்கு மேல் சூடு ஏறுவது நம் நாட்டில் அன்றாடம் நடப்பது. அளவுக்கு மேல் நிரப்பிய தோம்பாக இருந்தால், அதன் காப்புத் தகடு கிழிந்து வாயு முழுவதும் ஒரே மூச்சில் வெளியேறும். தகடு கிழிவது நல்லதுதான்; கிழியாவிட்டால் தோம்பே கிழியும். ஆனால், வெளியேறிய வாயு எங்கே போகும்? சாகா போன்ற காரில் பின்பெட்டி தனியாக இருக்கிறது. மைவியில் பின்பெட்டியும் ஆட்கள் உட்காரும் இடமும் ஒரே அறை. அங்கே வாயு நிரம்பினால் மூச்சுவிடக் காற்றிருக்காது. ஓட்டுபவனுக்கு மயக்கமும் வரும். இதற்காகவே, தகடு கிழிந்தால் வாயு காருக்கு வெளியே போகும்படி தனிக்குழாய் பூட்ட வேண்டும். பலர் பூட்டுவதில்லை.

அடுத்தது பிரேக். கார் நிறுவனம் 86 குதிரைத்திறனுக்கு ஏற்ற பிரேக்கும் டயரும் கொடுத்திருக்கிறது. வேகம் இரு மடங்கானால் காரின் ஓட்டத்திலுள்ள சக்தி நான்கு மடங்காகும். பிரேக் அந்த நான்கு மடங்கையும் விழுங்கியாக வேண்டும். மணிக்கு 110 கிலோமீட்டரில் போகும் கார் ஒரு விநாடியில் 30 மீட்டரைக் கடக்கிறது. நம் தோட்டத்து முகப்புச் சாலையை எண்ணிப் பாருங்கள். செம்மண் படிந்த தார், செம்பனைக் குலை ஏற்றி மெல்ல ஊரும் லாரி, விளக்கில்லாத சைக்கிள், பள்ளிவிட்டு வரும் பிள்ளைகள். சாதாரண மைவியே அங்கே போதும் போதும் என்ற வேகத்தில் போகும். நெடுஞ்சாலையில் சட்டம் தரும் உச்ச வேகம் 110; மற்றக் கூட்டரசுச் சாலைகளில் 90. இந்த வேகங்களை எட்ட நைட்ரஸ் எதற்கு? எட்டும் நேரத்தில் சில விநாடிகளை மிச்சப்படுத்துவது ஒன்றுதான் அது தரும் பயன்.

சட்டத்தையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பொதுச் சாலையில் பந்தயம் ஓடுவது 1987-ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி குற்றம். இயந்திரத்தில் செய்யும் மாற்றங்களுக்குச் சாலைப் போக்குவரத்து இலாகாவின் அனுமதி வேண்டும். காப்புறுதி நிறுவனத்திடம் சொல்லாமல் செய்த மாற்றம், விபத்து நேர்ந்தபின் இழப்பீட்டை மறுக்க இடம் கொடுக்கும். “யாருக்குத் தெரியப்போகிறது” என்று பையன்கள் சொல்வார்கள். விபத்துக்குப் பின் காரைச் சோதிப்பவர் கண்ணுக்கு அந்தத் தோம்பு தப்பாது.

ஆனால், நைட்ரஸ் பூட்டுகிறவர்கள் எல்லாரையும் மூடர்கள் என்று நான் சொல்லமாட்டேன். அது நியாயமன்று. டர்போ பூட்டுவதைவிட இது மலிவு; பொத்தானை அழுத்தாதவரை இயந்திரத்துக்குக் கூடுதல் பாரம் இல்லை. நல்ல நிலையிலுள்ள இயந்திரத்தில், அளவோடு, எல்லாக் காவல்களோடும் பூட்டினால் ஆண்டுக்கணக்கில் ஓட்டுபவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் ஓட்டுவது பந்தயத் தளத்தில். 1999-இல் திறந்த செப்பாங் தளத்தில் கட்டணம் கட்டித் தம் சொந்தக் காரை ஓட்டிப் பார்க்கும் நாள்கள் உண்டு. அங்கே தலைக்கவசம், தீயணைப்பாளர், மருத்துவ வண்டி எல்லாம் இருக்கும். எதிரே லாரி வராது. கடனில்லாத இரண்டாவது காரும், செலவுக்கு மிஞ்சிய பணமும், இயந்திரம் போனால் போகட்டும் என்று சொல்லும் மனமும் உள்ளவர் அங்கே போய்ப் பூட்டி ஓட்டலாம். திங்கட்கிழமை காலையில் வேலைக்குப் போகவும், தாயைக் கிளினிக்குக்குக் கூட்டிச் செல்லவும் இருப்பது ஒரே கார் என்றால், அதற்கு நைட்ரஸ் தகாது என்பதே என் முடிவு. அந்தச் சில ஆயிரம் வெள்ளியை நான்கு நல்ல டயருக்கும், பிரேக்குக்கும், காலம் தவறாத சர்வீசுக்கும் செலவழிக்கட்டும். மீதியில் ஒரு தடவை செப்பாங்கிலே சாதாரண மைவியை முழு வேகத்தில் ஓட்டிப் பார்க்கட்டும். வளைவுகளில் அந்தச் சின்னக் காரை ஒழுங்காகத் திருப்புவதற்கே எவ்வளவு பழக்கம் வேண்டும் என்பது அப்போது புரியும்.

தாய்மார்களுக்குத் தனியே ஒரு சொல். தோம்பு வீட்டுக்கு வந்தால், சிறு பிள்ளைகள் கையில் அது சிக்கக் கூடாது. சிரிப்பு வாயு என்று யாராவது அதைப் பலூனில் பிடித்து முகரச் சொன்னால், உடனே தடுக்க வேண்டும். மருத்துவமனையில் ஆக்சிஜனோடு கலந்து, ஆள் பார்த்துக் கொடுக்கிறார்கள். தனியாக முகர்ந்தால் மூச்சடைத்து உயிர் போகலாம். தொடர்ந்து முகர்பவர்களுக்கு உடலிலுள்ள வைட்டமின் பி12 செயலற்றுப்போய், கால் மரத்து, நடக்க முடியாமல் போனதும் உண்டு. காருக்கு விற்கும் வாயுவில் முகர்பவர்களைத் தடுக்கவே கந்தக டைஆக்சைடைச் சிறிது கலக்கிறார்கள். அது நெஞ்சை எரிக்கும்.

பழைய கார் வாங்கப் போகிறவர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். முன்னவர் நைட்ரஸ் பூட்டி ஓட்டிவிட்டு, கழற்றியபின் விற்றிருக்கலாம். பின்பெட்டிக் கம்பளத்தைத் தூக்கிப் பாருங்கள். தோம்பைப் பிடித்திருந்த ஆணிகளின் துளை தெரியும். இயந்திரத்துக்குக் காற்றுப் போகும் குழாயைத் தடவிப் பாருங்கள். துளையிட்டு அடைத்த தடம் கைக்குத் தட்டுப்படும். ஸ்டேரிங்குக்கு அருகில், என்ன வேலைக்கு என்று விற்பவரால் சொல்ல முடியாத சுவிட்சு ஏதும் இருக்கிறதா என்று பாருங்கள். ஐயம் வந்தால், கையெழுத்துப் போடும் முன் நான்கு சிலிண்டரின் அழுத்தத்தையும் பட்டறையில் அளந்து காட்டச் சொல்லுங்கள். ஒன்று மட்டும் மற்ற மூன்றைவிட மிகத் தாழ்ந்திருந்தால், அந்தக் காரை விட்டுவிட்டு வேறு காரைப் பாருங்கள்.